முதுகெலும்பற்ற உயிர்களின் உலகம்

(வெள்ளி விழா அறிவியல் அமர்வில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏடும் எழுதுகோலும் தந்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், அறிவியற்பொருள் ஒன்றைப் பற்றி உரையாற்றுமாறு நம்மைப் பணித்துள்ளனர். உரிமை பற்றியும் அரசியல் பற்றியும் பேசத் தகுதி வாய்ந்த சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். வகுப்பறையிலிருந்து வந்தவர்களாகிய நாம், வகுப்பறைப் பாடம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம். நிலத்திலும் கடலிலும் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றிய பாடம் அது.

முதற்கண் பெயரை நோக்குவோம். ‘முதுகெலும்பற்றவை’ என்னும் பெயரில் அவ்வுயிர்களிடம் உள்ளது யாதென்று சொல்லப்படவில்லை. இல்லாதது யாதென்பதே சொல்லப்படுகிறது. பெயரிட்ட மனிதன் முதுகெலும்புடையவன். தன்னிடம் உள்ளதை அளவுகோலாகக் கொண்டு, அஃது இல்லாத அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டான். 18-ஆம் நூற்றாண்டில் உயிர்களை வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், விலங்குலகை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். அவற்றுள் நான்கு முதுகெலும்புடையனவற்றிற்கு ஒதுக்கப்பட்டன. எஞ்சிய அனைத்திற்கும் கிடைத்தவை பூச்சி, புழு என்னும் இரண்டே வகுப்புகள். சிப்பி, சங்கு, கணவாய், நட்சத்திர மீன் ஆகிய யாவும் ‘புழு’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டன.

1793-ஆம் ஆண்டில் பாரிசு நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியர் பணிகள் பங்கிடப்பட்டபோது, பூச்சி புழுக்களுக்குரிய பணி லமார்க் என்பாரிடம் வந்து சேர்ந்தது. அதுகாறும் அவர் தாவரவியல் அறிஞராகவே அறியப்பட்டவர். அகவை ஐம்பதை நெருங்கியிருந்தது. பலரும் பொருட்படுத்தாத அத்துறையை அவர் பொருட்படுத்தினார். மூட்டையை அவிழ்த்து, சிலந்தி இனத்தையும் நண்டு இனத்தையும் மண்புழு இனத்தையும் தனித்தனியே வகுத்தார். ‘முதுகெலும்பற்றவை’ என்னும் தொகுப்புப் பெயரும் அவர் வாயிலாகவே வழக்கில் ஊன்றியது. இன்று விலங்குலகம் முப்பதுக்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகளாக வகுக்கப்படுகிறது. முதுகெலும்புடைய உயிர்கள் அவற்றுள் ஒரு தொகுதியின் ஒரு பிரிவு மட்டுமே. இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை முதுகெலும்பற்றனவே. பெரும்பான்மையோர்க்கு ‘இல்லாதவர்’ என்னும் பெயரைச் சிறுபான்மையோர் வழங்கிய கதை இது. இவ்வவையில் அதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

நிலத்து உயிர்களுள் மண்புழுவை முதலில் காண்போம். அதற்குக் கண் இல்லை, செவி இல்லை, பல் இல்லை, நுரையீரல் இல்லை. ஈரமான தோலினாலேயே மூச்சு விடுகிறது. இவ்வுயிர் மண்ணிற்குச் செய்யும் பணியைப் பற்றி இங்கிலாந்தின் சார்லஸ் டார்வின் 1837-ஆம் ஆண்டிலேயே அறிஞர் அவையொன்றில் கட்டுரை வாசித்தார். சிறிய புழுவால் அத்துணைப் பெரும்பணி இயலுமா என்று 1869-இல் ஒருவர் மறுத்து எழுதினார். புழுவின் வலிமைக் குறைவும் உருவச் சிறுமையுமே அவர் காட்டிய காரணங்கள். டார்வின் சினம் கொள்ளவில்லை, அளந்து காட்டினார். புழுக்கள் மேலே கொணர்ந்து குவிக்கும் மண்ணைத் திரட்டி நிறுத்தார். தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவை இலைகளைக் குழிக்குள் இழுக்கும் முறையை இரவிலும் கண்காணித்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என்று 1881-இல் வெளிவந்த தம் இறுதி நூலில் நிறுவினார். மறு ஆண்டே அவர் மறைந்தார். ஒரு புழுவின் ஒரு நாள் உழைப்பைக் காண்பவன் நகைப்பான். எண்ணற்ற புழுக்களின் பல்லாண்டு உழைப்பைக் கூட்டிப் பார்ப்பவன் நகைக்க மாட்டான்.

தமிழும் இப்புழுவை மறந்ததில்லை. ‘நாங்கூழ்’ என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழின் ஓயாத உழைப்பை வியந்து பேசும் பகுதி உண்டு. மாணவர்கள் அதனைத் தேடிப் படிக்க வேண்டும்.

அடுத்துத் தேனீ. அதன் அறிவை ஆராய்ந்தவர்களுள் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் சார்லஸ் ஹென்றி டர்னர். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். அதற்கு ஈராண்டுகட்குப் பின், 1867-இல், ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தந்தை தேவாலயத்தில் பணியாள், தாய் செவிலி. 1907-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஆய்வு வசதி மிகுந்த பல்கலைக்கழகம் எதிலும் அவருக்குப் பேராசிரியர் பணி கிட்டவில்லை. 1908 முதல் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மாணவர்களுக்கான சம்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அப்பள்ளி ஆசிரியர் நகரப் பூங்காவையே ஆய்வுக்கூடமாக்கினார். சிவப்பு வட்டத் தகடுகளில் தேன் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர்த் தேன் வைக்காத புதிய சிவப்புப் பொருள்களையும் அவை நாடின. பச்சை, நீலப் பொருள்களைப் பொருட்படுத்தவில்லை. 1910-இல் இவ்வாய்வை வெளியிட்டார். மறு ஆண்டில் தேனீக்கள் கோலங்களையும் வேறுபடுத்தி அறிகின்றன என்று காட்டினார். தேனீ சிவப்பை நாம் காண்பதுபோல் காண்பதில்லை என்பதும், ஒளியின் ஏற்றத்தாழ்வை மட்டுமின்றி நிறத்தையே அஃது உணர்கிறது என்பதும் பின்னர் கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞரின் ஆய்வுகளால் உறுதியாயின. அவருக்கு 1973-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவ்வழியில் முன்னே நடந்தவர்களுள் ஒருவர் டர்னர். எறும்பு, சிலந்தி, கரப்பான் எனப் பல உயிர்களையும் ஆராய்ந்து, எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதி, 1923-இல் மறைந்தார். பூச்சி என்பது விசை முடுக்கிய பொம்மை அன்று, பட்டறிவால் கற்றுக்கொள்ளும் உயிர் என்பதே அவர் ஆய்வுகள் காட்டிய உண்மை. கற்கும் ஆற்றல் அற்றவர் என்று தம் இனத்தையே இழித்துரைத்த நாட்டில் அவர் இதனைச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனிக் கடலுக்குச் செல்வோம். நிலத்தில் மண்புழு செய்யும் பணியைக் கடலடியில் செய்வது கடல் அட்டை. மணலையும் சேற்றையும் விழுங்கி, அவற்றிலுள்ள மக்கிய பொருளை உண்டு, எஞ்சிய மணலை வெளியேற்றுகிறது. பகை நெருங்கினால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு, பின்னர்ப் புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும் வகைகளும் உண்டு. அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் 2001-இல் இந்திய அரசு கடல் அட்டைகளைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாய்க்கு இதயம் மூன்று, குருதி நீலம். அதன் நரம்பணுக்கள் ஏறத்தாழ 50 கோடி. அவற்றுள் பெரும்பகுதி எட்டுக் கைகளிலேயே பரவியுள்ளது.

பவளப்பாறையைக் கட்டுவனவும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களே. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அவை பாறை எழுப்பின. அலையின் வேகத்தைத் தணித்தன. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாயின. சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் அப்பாறைகளை மக்கள் வெட்டி எடுத்தனர். இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. எஞ்சிய பவளங்களும் கடல் சூடேறியதால் 2010-இலும் 2016-இலும் பெரிதும் வெளிறின. அரண் செய்தவர் யாரென்பது அரண் சரியும்போதுதான் தெரியவருகிறது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். நடவு வயலில் நண்டும் நத்தையும் பொறுக்கி வந்து குழம்பு வைத்தீர்கள்; மழைக்குப்பின் ஈசல் பிடித்து வறுத்தீர்கள். அதனைச் சொல்லி நம் மக்களை எள்ளினோர் உண்டு. அவ்வெள்ளலுக்கு அஞ்சிச் சோற்றுப் பாத்திரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உண்ட பிள்ளைகளை நாம் பள்ளிகளில் கண்டிருக்கிறோம். அறிவியல் கூறுவது யாது? வயல் நண்டும், நம் நாடு கப்பலேற்றிப் பெரும் செல்வம் ஈட்டும் இறாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நத்தை பிரெஞ்சு நாட்டில் விருந்துணவு. ஈசலில் புரதமும் கொழுப்பும் மிகுதி. வறுமையிலும் பிள்ளைகளின் உடலைக் காத்த உணவு அது. நாணுவதற்கு அதில் ஏதுமில்லை. ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. நன்கு வேகாத நண்டின் வழியே நுரையீரலைத் தாக்கும் புழு நோய் வரக்கூடும். பூச்சிமருந்து தெளித்த வயலில் பிடித்தவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ‘புழுவே, பூச்சியே’ என்று எவரேனும் உங்களை இகழ்ந்தால், அவர் மனிதரையும் அறியாதவர், புழுவையும் அறியாதவர் என்று தெளியுங்கள். அத்தெளிவு படிப்பால் மட்டும் வாராது. பார்ப்பதாலும் அளப்பதாலும் வரும். டார்வினுக்குத் தொட்டியும் தராசும் போதுமானவையாக இருந்தன. டர்னருக்கு அட்டைத் தகடும் தேனும் போதுமானவையாக இருந்தன. உங்கள் வீட்டுப் புறக்கடையிலும் வரப்பிலும் ஓடைக்கரையிலும் அத்தகைய ஆய்வுக்கூடம் கதவின்றித் திறந்து கிடக்கிறது.

கழகப் பொறுப்பாளர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. மாலைநேரப் படிப்பகத்திற்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகள் சிலவும், மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பேடும் வாங்கித் தருக. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் உயிரைத் தேர்ந்துகொண்டு, நாளும் நேரமும் குறித்து ஓராண்டு கவனித்து எழுதட்டும். எழுதியதைப் பிறர் முன் படித்துக் காட்டட்டும். கேள்வி எழுந்தால் மீண்டும் சென்று பார்த்து வரட்டும். கழகத்தின் அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேடுகள் இம்மேடையில் வைக்கப்படுமாயின், அதனினும் மேலான காட்சி நமக்கு வேறொன்றில்லை.