எல்லைப்புறப் பள்ளிகளில் கட்டற்ற இயங்குதளம்

(கேரள மாநில எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள், கல்வித்துறை அலுவலர்கள், மாணவர்கள் ஆகியோரிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் டெபியன் என்னும் கணிப்பொறி இயங்குதளத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த இயன் மர்டாக் என்ற இருபது வயது மாணவர் இதனை அறிவித்தார். அவர் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். ஆயினும் அவர் தொடங்கிவைத்த பணி முப்பதாண்டுகளைக் கடந்து இன்றும் நடைபெறுகிறது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், உலகெங்கிலுமுள்ள டெபியன் பணியாளர்களின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடைபெற்றது. இந்தியாவில் அம்மாநாடு நடைபெற்றது அதுவே முதன்முறை.

எங்கோ பிறந்த ஒரு மென்பொருளின் பிறந்த நாளைச் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் வாழும் நாம் ஏன் நினைவுகூர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இவ்வுரை முழுவதும் அதற்கு விடை காணும் முயற்சியே ஆகும்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது?

கணிப்பொறியின் உறுப்புகளையும், அதில் நாம் பயன்படுத்தும் பிற மென்பொருள்களையும் ஒருங்கிணைத்து இயக்குவது இயங்குதளம். இதனை எழுதுகின்ற மூல நிரலை மறைத்து வைத்து, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விலைக்கு விற்பது வணிக முறை. மூல நிரலை வெளிப்படையாக வைத்து, எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது கட்டற்ற முறை. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்து இம்முறைக்கு அடித்தளமிட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கரு நிரலை வெளியிட்டார். இவ்விரண்டையும், இவற்றோடு இணைந்து இயங்கக்கூடிய நூற்றுக்கணக்கான நிரல்களையும் ஒழுங்குபடுத்தி, சோதித்து, முழுமையான இயங்குதளமாக மக்களிடம் கொண்டு சேர்க்கும் பணியையே டெபியன் மேற்கொண்டது. இன்று அதில் அடங்கியுள்ள நிரல் தொகுப்புகளின் எண்ணிக்கை 60,000-க்கும் அதிகம்.

டெபியன் எந்த நிறுவனத்தின் உடைமையும் அன்று. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வப் பணியாளர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1997-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சமுதாய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டனர். அதனோடு இணைந்த நெறிமுறைகளுள் ஒன்று, மென்பொருளின் உரிமம் எந்த மனிதருக்கும் எந்தக் குழுவினருக்கும் எதிராக வேறுபாடு காட்டலாகாது என்பது. மொழிச் சிறுபான்மையினராகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நெறி இது.

கேரளப் பள்ளிகளின் அனுபவம்

கேரளத்தில் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் ஒரே நிறுவனத்தின் இயங்குதளமே பாடமாக இருந்தது. அரசுப் பள்ளியில் பயிலும் மாணவனை ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு மட்டும் பழக்குவது முறையாகுமா என்ற கேள்வி ஆசிரியர்களிடையே எழுந்தது. அதே 2001-ஆம் ஆண்டில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றிருந்ததும் இவ்விவாதத்திற்கு வலுவூட்டியது. பின்னர் படிப்படியாகப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின.

இத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. பள்ளிகளுக்கென்று அது உருவாக்கி வழங்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ டெபியனின் மீது எழுப்பப்பட்டது. ஆகவே நம் பள்ளிக் கணிப்பொறியின் பரம்பரையைத் தேடிச் சென்றால் 1993-ஆம் ஆண்டின் அந்த ஆகஸ்டு அறிவிப்பில்தான் போய் நிற்போம். 2019-ஆம் ஆண்டில் இதன் புதிய பதிப்பு வெளியிடப்பட்டபோது, 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் அது பயன்படும் என்றும், அதற்கு ஈடான வணிக மென்பொருள்களை வாங்க வேண்டியிருந்தால் ஏற்படும் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் கைட் மதிப்பிட்டது. அம்மதிப்பீடு ஒரு கணிப்பொறிக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் என்ற கணக்கில் அமைந்தது. நடைமுறையில் எந்த அரசும் எல்லா மென்பொருளையும் எல்லாக் கணிப்பொறிக்கும் வாங்கியிராது என்று வாதிடலாம். ஆயினும் மிச்சம் பெரிது என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. இந்திய மொழிகளில் பணியாற்ற வகைசெய்வது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

மொழிச் சிறுபான்மையும் சந்தையும்

பணச் சிக்கனத்தை மட்டும் பேசிவிட்டு நான் அமர்ந்துவிட்டால், எல்லைப்புறத்திற்கென்று எதுவும் சொன்னவனாக மாட்டேன். நமக்குரிய கேள்வி வேறு.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, பாலக்காடும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. எந்த எல்லைக்கோடும் மொழியை முழுமையாகப் பிரித்துவிடுவதில்லை. அதனை உணர்ந்தே, அவ்வாண்டே செய்யப்பட்ட ஏழாவது திருத்தத்தின் வழி அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்று அது மாநிலங்களுக்கு நெறி காட்டுகிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் தொடர்பு கொள்ள இடமளித்தது.

இந்த உரிமைகள் ஏட்டின் காலத்தில் எழுதப்பட்டவை. கரும்பலகையில் தமிழில் எழுத ஓர் ஆசிரியரும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். கணிப்பொறித் திரையில் தமிழ் தோன்ற வேண்டுமானால் எழுத்துருவும், விசைப்பலகை அமைப்பும், மொழிபெயர்க்கப்பட்ட கட்டளைகளும் வேண்டும். இவற்றை யார் செய்து தருவது? வணிக நிறுவனம் எத்தனை பேர் வாங்குவர் என்று கணக்குப் பார்க்கும். அது அதன் இயல்பு, குற்றமன்று. தமிழ் பெரிய மொழியாதலால் அந்தக் கணக்கில் ஓரளவு தேறிவிடுகிறது. ஆயின் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியில் கற்கும் மாணவர் என்ற சிறிய கூட்டத்திற்காகத் தனியே உழைக்க எந்தச் சந்தை முன்வரும்? இரவாளரும் முதுவரும் போன்ற பழங்குடியினரின் பேச்சு மொழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கட்டற்ற முறையில் இந்தக் கேள்வி வேறு வடிவம் பெறுகிறது. பயனாளர் குறைவு என்ற காரணத்தால் வழி அடைபடுவதில்லை. செய்ய விரும்புவோர் செய்துகொள்ளலாம். எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை.

ஒரு மாணவியின் இரண்டு எழுத்துகள்

வண்டிப்பெரியாற்றில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்பில் தமிழ்வழியில் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம், கணிப்பொறியில் பெரும்பாலும் ஆங்கிலம். அவளுக்கு மூன்றும் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். மத்திய அரசின் மின்னணுத் துறை வகுத்த இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே ஒலி ஒரே விசையில் அமைந்துள்ளது. மலையாளத்தில் 'க' எந்த விசையோ தமிழிலும் 'க' அதே விசை. ஆகவே மலையாளத் தட்டச்சை இன்ஸ்கிரிப்டில் கற்ற கை, சிறிது பயிற்சியில் தமிழையும் தட்டெழுதும். மாறாக, தமிழ்நாட்டுப் பள்ளிக்கோ பணிக்கோ நாளை செல்ல நேர்ந்தால், அங்கே 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை அவள் காண்பாள். கட்டற்ற இயங்குதளத்தில் இரண்டும் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நொடியில் மாறலாம். எல்லையில் வாழ்பவருக்கு இது சிறிய வசதியன்று.

1991-ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் பல ஆண்டுகள் வெவ்வேறு குறியேற்றங்களே வழக்கில் இருந்தன. ஒரு கணிப்பொறியில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிய துன்பத்தை மூத்தவர்கள் அறிவர். 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. இன்று பாலக்காட்டில் எழுதிய கடிதத்தைப் பொள்ளாச்சியில் தடையின்றிப் படிக்கலாம்.

உரிமை உண்டு, உழைப்பு யாருடையது?

மொழிபெயர்ப்பு நடைபெறும் முறை எளிது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சொற்கோப்பு உண்டு. அதில் ஆங்கிலத் தொடர் ஒன்று. அதன்கீழ் வெற்றிடம் ஒன்று. அவ்விடத்தில் தமிழ்த் தொடரை நிரப்பி அனுப்பினால், சரிபார்க்கப்பட்டு அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும். நிரப்புவார் இல்லையெனில் திரையில் ஆங்கிலமே தோன்றும். டெபியனை நிறுவும் செயலியைத் தமிழில் இயக்க முடிகிறதென்றால், ஊதியம் கருதாத சிலர் அவ்வாறு அமர்ந்து நிரப்பினர் என்பதே பொருள்.

இங்கேதான் நம் குறையும் வெளிப்படுகிறது. பல மென்பொருள்களில் தமிழாக்கம் பாதியில் நிற்கிறது. புதிய பதிப்பு வரும்போது புதிய தொடர்கள் சேர்கின்றன. நேற்று முழுமையாய் இருந்தது இன்று குறையாகிறது. கலைச்சொற்களிலும் ஒருமை இல்லை. ஒரே பொருளை ஓரிடத்தில் 'அடைவு' என்றும் வேறோரிடத்தில் 'கோப்புறை' என்றும் காண்கிறோம். பாடநூலில் ஒரு சொல்லும் திரையில் மற்றொரு சொல்லும் இருந்தால் குழந்தை இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லையே பிடித்துக்கொள்ளும். அதில் குழந்தையின் பிழை ஏதுமில்லை.

நம் முன்னோர் ஏரியையும் வாய்க்காலையும் குடிமராமத்து முறையில் பேணினர். வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியுடன் வந்தால்தான் வாய்க்கால் தூர்வாரப்படும். ஏரி பொதுவானது என்பதால் தண்ணீர் தானாக வந்துவிடவில்லை. பொதுவானது என்பதாலேயே ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு முறைப்பணி இருந்தது. கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே.

செய்யத்தக்கவை

அலுவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, கேரளத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழாக்கத்தை ஒரு செயற்பாடாக மேற்கொள்ளலாம். மாணவர் ஒருவர் வாரத்திற்கு இருபது தொடர்களை மொழிபெயர்த்தால், நாற்பது வாரங்களில் எண்ணூறு தொடர்கள் ஆகும். பத்து மாணவர் கொண்ட ஒரு பள்ளி, ஓராண்டில் எட்டாயிரம் தொடர்களைத் தர இயலும்.

இரண்டாவது, தமிழ்வழிப் பாடநூல் எழுதுவோரும் மென்பொருள் மொழிபெயர்ப்போரும் ஒரே சொற்பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். கேரளப் பாடநூலாசிரியர்களும் தமிழ்நாட்டு அறிஞர்களும் கலந்து பேசி இதனை முடிவு செய்தல் நலம்.

மூன்றாவது, பள்ளிக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்ததும் தமிழ் எழுத்துருவும் இரண்டு விசைப்பலகைகளும் இயங்குகின்றனவா என்று சோதித்த பின்னரே பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஐந்து நிமிடம் போதும்.

இயன் மர்டாக் தம் பணியைத் தொடங்கியபோது அவர் அரசு அதிகாரியல்லர், செல்வருமல்லர். ஒரு மாணவர். இருக்கின்ற பொருள் சரியாக அமையவில்லை என்று கண்டார்; சீர்செய்ய முனைந்தார்; பிறரையும் அழைத்தார். இங்கே அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களின் கையிலும் அதே மூல நிரல் இருக்கிறது. அதில் உங்கள் மொழிக்கென்று ஒதுக்கப்பட்ட வெற்றிடங்களும் இருக்கின்றன. அவற்றை நீங்கள் நிரப்புவீர்கள் என்ற நம்பிக்கையுடன் என் உரையை நிறைவு செய்கிறேன்.