வாடல் நோய்க் கிருமியும் அதன் உறவினரும்



நேற்று மாலைவரை செழித்து நின்ற தக்காளிச் செடி, இலை பழுக்காமலே இன்று நண்பகலில் தலை சாய்ந்து நிற்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நீர் போதவில்லையென எண்ணி மேலும் இறைப்பதும், சில நாட்களில் அடுத்த செடியுஞ் சாய்வதும் வழக்கம். இது பற்றீரியா வாடல் நோயாக இருக்கலாம். ஐயந்தீர ஒரு வழியுண்டு. தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் தெளிந்த நீரில் தோயுமாறு கண்ணாடிக் குவளையொன்றிற் பிடியுங்கள். சில நிமிடங்களிற் பால் போன்ற வெண்ணிழைகள் கீழிறங்குமாயின் நோய் அதுவேயாகும். அவ்விழைகள் முழுவதுங் கிருமிகளே.

ரல்ஸ்ரோனியா எனப்படும் இக்கிருமி கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி உட்பட 200க்கு மேற்பட்ட பயிர் பூண்டுகளைத் தாக்க வல்லது. எனினும் இஃது ஒரே சாதியன்று. ஆசியா, அமெரிக்கா, ஆபிரிக்கா, இந்தோனேசியா ஆகிய இடங்களுக்குரிய நான்கு பெருங்கிளைகள் இதில் உள. 2014 ஆம் ஆண்டில் அறிஞர் இதனை மூன்று இனங்களாகவே பிரித்துவிட்டனர். ஓரிடத்தில் வாடலை எதிர்த்து நின்ற தக்காளி வருக்கம் வேறோரிடத்தில் வாடி வீழ்வதற்கு இவ்வேற்றுமையும் ஒரு காரணமாகும். அதற்காக விதை விற்றவரைப் பொய்யரென்று ஏசுவது எப்போதும் நீதியன்று. அன்றியும், இக்கிருமி தன்னைச் சூழ்ந்துள்ள பிற பற்றீரியாக்களின் பரம்பரையலகுகளையும் உள்வாங்கித் தனதாக்கிக்கொள்ளும். ஆதலால் அதன் கூர்ப்பு ஓய்வதில்லை.

இனி இதன் உறவினரைப் பாருங்கள். வேலியோரத்துத் தொட்டாற்சுருங்கியை வேருடன் பிடுங்கினாற் சிறுகணுக்களைக் காணலாம். பயற்றின் வேரிற் போலவே அவற்றுள்ளும் பற்றீரியாக்கள் வாழ்ந்து, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. தாய்வானில் இத்தகைய கணுக்களிலிருந்து பெறப்பட்ட ஒரு பற்றீரியாவுக்கு 2001 இற் பெயரிட்டபோது, அதனை ரல்ஸ்ரோனியாச் சாதியிலேயே வைத்தனர். பின்னரே வேறு சாதியாகப் பிரித்தனர். பயிரைக் கொல்வதும் பயிருக்கு ஊட்டுவதும் அத்துணை நெருங்கிய உறவினர்!

பிரான்சு தேசத்து ஆய்வாளர் இந்த நல்ல பற்றீரியாவின் கணு உண்டாக்கும் பரம்பரையலகுகளை வாடற் கிருமிக்குள் புகுத்திப் பார்த்து, 2010 இல் முடிவை வெளியிட்டனர். முதலிற் கணு எதுவும் உண்டாகவில்லை. செடியின் கலங்களுக்குள் நோய்ப்பொருளைச் செலுத்துவதற்கு ஊசி போன்றதோர் அமைப்பு இக்கிருமிக்கு உண்டு. தற்செயலான விகாரத்தால் அந்த ஊசியின் வேலை கெட்டுப்போனவையே பின்னர் தொட்டாற்சுருங்கியின் வேரிற் கணுக்களை உண்டாக்கின. நைதரசன் ஊட்டும் வேலையை அவை கற்கவில்லையாயினும், பகைமைக்கும் நட்புக்கும் இடையே உள்ள தூரம் சிறிதென்பது இதனாற் புலனாயிற்று.

மண்ணிலுள்ள பற்றீரியா அனைத்தையும் நஞ்சிட்டு அழிக்க முற்படுவோர் நண்பரையும் சேர்த்தே அழிப்பர். வாடிய செடியைப் பிழைப்பிக்கும் மருந்தோ இன்றுவரை இல்லை. செடியை வேர்மண்ணுடன் அகற்றிவிடுங்கள். அம்மண் பட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறக்க வேண்டாம். அப்பாத்தியில் ஓடிய நீரையும் மற்றப் பாத்திக்குத் திருப்ப வேண்டாம். உருளைக்கிழங்கில் விசேட கவனம் வேண்டும். வெளித்தோற்றத்தில் நோயற்ற விதைக்கிழங்கினுள்ளும் கிருமி மறைந்திருக்கும். கிழங்கை வெட்டி நடுவோர் ஒரே கத்தியால் அதனைத் தோட்டம் முழுவதும் பரப்பிவிடுவர்.

வயற்காணியுள்ளவர்களுக்கு ஒரு வாய்ப்புண்டு. பெரும்போகத்தில் நெல் விளைத்துச் சிறுபோகத்தில் மரக்கறி நடுமிடத்து, நீர் நின்ற சேற்றிற் காற்றுக் குறைவதால் இக்கிருமியின் தொகை தாழும். முற்றாக அற்றுப்போமென எண்ணற்க. மேட்டுத் தோட்டத்தில் சோளம் போன்ற தானியத்தை இடையிட்டுச் செய்யலாம். தக்காளிக்குப் பின் கத்தரி வைப்பது பயிர் மாற்றமாகாது.

தக்காளியை, எதிர்ப்புள்ள கத்தரி நாற்றின் அடித்தண்டில் ஒட்டி நடுவதும் நன்று. உங்கள் மண்ணிலுள்ள கிருமி எக்கிளையைச் சேர்ந்ததென்பது கண்ணுக்குத் தெரியாதாகையால், முதற்போகத்தில் ஒரு பாத்தியில் மாத்திரம் நட்டுப் பாருங்கள். மண் அணைக்கும்போது ஒட்டிடம் மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். அது புதைந்தால் தக்காளித் தண்டு தானே வேர்விட, கிருமி அவ்வழியே ஏறிவிடும்.