வாடிய பூவையும் காய்ந்த இலையையும் அகற்றுவது ஏன்?



காரைதீவின் கரையோர வளவுகள் மணற்பாங்கானவை. மணல் நீரைத் தாங்காது. பசளையையும் நெடுநாள் வைத்திராது. வைகாசியிலே கண்ணகி அம்மன் கோயிற் சடங்கிற்குப் பூ வேண்டும் வேளையில், மாரி ஓய்ந்து வெயில் முதிர்ந்திருக்கும். அப்பொழுது கிணற்றில் அள்ளி ஊற்றும் நீர் பூவாக வேண்டுமா, வேண்டாத விதையாக வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

செடி பூப்பது விதையின் பொருட்டேயாகும். இதழ் வாடிய பின்னர் அடியிலுள்ள சூலகம் பருக்கும். வளரும் விதை, இலைகள் ஆக்கும் உணவைத் தன்பால் ஈர்ப்பதோடு, புதிய அரும்பு தோன்றுவதைக் குறைக்கும் ஓமோன்களையும் வெளிவிடும். ஒரு பருவமே வாழும் செடியாயின், விதை முற்றியதும் மடியத் தொடங்கும். ஆகவே இதழை மட்டும் கிள்ளுவதாற் பயனில்லை. சூலகத்தையும் சேர்த்துக் காம்போடு நறுக்குக. ரோசாவில், வாடிய பூவிற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டுக. மல்லிகையை அரும்பிலேயே பறிப்பவர்கள் இவ்வேலையைத் தம்மையறியாமலே செய்துவிடுகின்றனர். செவ்வரத்தை தன் வாடிய பூவைத் தானே உதிர்த்துவிடும்.

இனி இலையைக் கவனிப்போம். முதிரும் இலையிலிருந்து நைதரசன் முதலிய சத்துக்களைச் செடி தளிர்களுக்கு மீட்டுக்கொள்ளும். ஆதலால், நோயின்றி மஞ்சளாகும் இலையை அவசரப்பட்டுப் பிடுங்கற்க. முற்றாகக் காய்ந்த பின் நீக்குக. நோய்ப்புள்ளி கண்ட இலையையோ உடனே அகற்றுக. மாரியில் நனைந்த சருகிலும் அழுகும் இதழிலும் பங்கசு குடியேறி, நல்ல தளிருக்கும் பரவும்.

வாழையிலும் இம்முறை பொருந்தும். கடைசிச் சீப்பு விரிந்த பின் பொத்தியை வெட்டிவிட்டால், அதற்குச் செல்லும் உணவு காய்களுக்குச் செல்லும். பொத்தியும் கறிக்கு உதவும்.

கத்தரி, மிளகாய் முதலியவற்றில் வாடும் பூவைத் தொடாதீர்கள். அதன் அடியிலன்றோ காய் இருக்கிறது! பூஞ்செடியிலும் அடுத்த போகத்துக்கு விதை வேண்டின், நல்ல பூ இரண்டு மூன்றை முற்றவிடுக.

வாரம் ஒருமுறை, கூரிய சுத்தமான கத்தியோடு தோட்டத்தைச் சுற்றி வந்தாற் போதும். நோயுற்றவற்றைச் செடிகளுக்கு அப்பால் ஆழப் புதைத்துவிடுக. நோயற்ற சருகையும் பூவையும் தெருவில் எறியாதீர்கள், தீயிடவும் வேண்டாம். தண்டைத் தொடாமற் செடியடியிற் பரப்பினால், அவை வெயிலில் ஈரத்தைக் காக்கும். பின்னர் உக்கி, வெறும் மணலுக்கு வளமூட்டும்.

சுருங்கக் கூறின், செடியிலிருந்து அகற்றுக; வளவிலிருந்து அகற்றாதீர்கள்.