கை முந்தும், சொல் பின்னே வரும்



இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதில் இறந்தவரின் பெருமை மட்டுமா வரும்? வராமல் போன சீர், பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன், புகுந்த வீட்டில் பட்ட பாடு, இனி யாரை நம்பி வாழ்வது என்ற பயம் எல்லாம் வரும். இன்னொரு நாளில் இதையே வாய்விட்டுச் சொன்னால் சண்டையாகிவிடும். பாட்டாகச் சொன்னால் ஊரே கூட உட்கார்ந்து அழும். ராகத்தின் மறைவில் நின்று மனம் உள்ளதைச் சொல்லிவிடுகிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்கப் பக்கத்தில் ஆட்களும் இருக்கிறார்கள். மனக்காயம் ஆறுவதற்கு இந்த இரண்டுமே வேண்டும். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவரிடம் நாம் உடனே கேட்பது, "என்ன நடந்தது, சொல்லு" என்பது. அவர் வாயைத் திறக்க மாட்டார். பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம். 1996 இல் அமெரிக்காவில் ஸ்காட் ராக், பெசல் வான் டெர் கோக் முதலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு அவர்களுடைய சம்பவத்தையே வாசித்துக் காட்டி, அந்த நேரத்தில் மூளையைப் படம் எடுத்தார்கள். காட்சியைப் பதியும் பகுதி விழித்துக்கொண்டது. பேச்சைக் கோக்கும் பகுதியின் இயக்கமோ தணிந்துபோனது. கண் முன்னே எல்லாம் ஓடுகிறது, சொல் மட்டும் வரவில்லை. இப்படிப்பட்டவரிடம் சொல்லை முதலில் கேட்பது நியாயமில்லை. கைக்கு முதலில் வேலை கொடுக்க வேண்டும்.

அந்த ஆய்வுக்கு வெகு முன்பே இதைச் செய்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். வியன்னாவில் பிறந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர், யூதர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைச் செக் நாட்டில் இருந்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ மூட்டை கொண்டுபோகலாம். அவர் அதில் காகிதத்தையும் வண்ணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார். பெற்றோரைப் பிரிந்து, பசியோடு இருந்த பிள்ளைகளுக்கு முகாமில் ரகசியமாக ஓவிய வகுப்பு நடத்தினார். வண்ணம் தீர்ந்தால் கிடைத்த பழைய தாளைக் கிழித்து ஒட்டச் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் வழக்கம். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து வைத்திருந்த இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் பூ வரைந்தார்கள், விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள், தாங்கள் படுத்திருந்த அடுக்குக் கட்டில்களையும் வரைந்தார்கள்.

1944 இல் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. கலை உயிரைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆஷ்விட்ஸ் போவதற்கு முன் ஃப்ரீடல், பிள்ளைகளின் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவை இன்று பிராகில் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகாமுக்கு முன்பே ஃப்ரீடலிடம் படித்த ஈடித் கிராமர் 1938 இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஆசிரியையிடம் கண்டதை வைத்து, நியூயார்க்கில் ஆதரவற்ற சிறுவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். ஓவியச் சிகிச்சை என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர்.

இனி நமக்குப் பக்கத்தில் வருவோம். இலங்கையில் மட்டக்களப்பு. 1990 இல் அந்த மாவட்டத்தில் தமிழர்களும் முஸ்லிம்களும் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 1996 இல் அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சி பூங்கா தொடங்கியது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் முன்னோடிகள். இரு சமூகத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் அழைத்துவந்து ஒன்றாக விளையாட விட்டார்கள். பாடம் இல்லை, பரீட்சை இல்லை. களிமண் பிசையலாம், கதை கட்டலாம், நாடகம் போடலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், பிராணிகளைப் பராமரிக்கலாம். கூட இருந்தவர்கள் அந்த ஊரிலேயே பயிற்சி பெற்ற இளைஞர்கள். கலைஞரும் ஆற்றுப்படுத்துநரும் ஒரே முற்றத்தில் வேலை செய்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். பிள்ளை பேசத் தயாராகும் நேரத்தில், கேட்கத் தெரிந்தவர் அங்கேயே இருந்தார்.

கைக்கு முதலில் வேலை கொடுப்பது பெரியவர்களுக்கும் பொருந்தும். 1986 இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுதச் சொன்னார். சிலர் சாதாரண விஷயத்தை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்வின் கொடிய சம்பவத்தையும், அது மனதில் உண்டாக்கிய உணர்வையும் சேர்த்து எழுதினார்கள். இந்த இரண்டாம் கூட்டத்தார் எழுதி முடித்ததும் கலங்கித்தான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் இவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதிய பிறகு சில மணி நேரம் மனம் கனத்தால் பயப்பட வேண்டாம். தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். எழுத யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

கட்டாயம் எவ்வளவு தவறு என்பதற்கு ஓர் உதாரணம். பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒப்பிக்கச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதனால் நன்மை இல்லை என்று ஆய்வுகளில் தெரிந்தபின், உலக சுகாதார நிறுவனமே அது வேண்டாம் என்றது. முதலில் பாதுகாப்பு, சாப்பாடு, சொந்தபந்தங்கள். பேச்சு அவரவர் வேகத்தில் வரட்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் தாளும் கிரேயானும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "மரம் ஏன் கறுப்பா இருக்கு, பச்சை அடி" என்று திருத்தாதீர்கள். "ரொம்ப அழகு" என்று உடனே பாராட்டவும் வேண்டாம். அடுத்த படத்தைப் பிள்ளை உங்கள் பாராட்டுக்காக வரையத் தொடங்கிவிடும். படத்துக்கு நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். "இந்தப் படத்தைப் பத்திச் சொல்றியா?" என்று கேளுங்கள். சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்லாவிட்டால் அப்படியே விடுங்கள். படத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அனுமதி கேட்காமல் மற்றவருக்குக் காட்டாதீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, எதிலும் நாட்டமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் கிரேயானும் நோட்டுப் புத்தகமும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் எடுக்க வேண்டும். இதில் வெட்கம் எதுவும் இல்லை. இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவியின் இலவச எண் 14416; இரவு பகல் எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. இன்னொரு முறை சொல்கிறேன்: 14416, 1926. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்கள் தெருவில் யாருக்காவது தேவைப்படும். அவருக்கு இந்த எண்ணைச் சொல்லும் நெருக்கமான ஆளாக நீங்கள் இருங்கள்.