தோலும் தசையும் சேர்ந்து நோகும் நோய்: இரத்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

(மட்டக்களப்பு வாவிக்கரையில் குடியிருக்கும் மலையகக் குடும்பங்களின் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். லயத்தில் இருக்கிற உங்கள் சொந்தக்காரரும் இந்த மடலைப் படிப்பார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகவே பேசுகிறோம்.

இங்கே வலை இழுக்கிறவர்களுக்குக் கடல் பாம்பைத் தெரியும். கடித்த இடத்தில் பெரிதாக வலி இராது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் நோகும், மூத்திரம் பிளேன்டீ மாதிரிக் கறுத்துப்போகும். விஷம் தசையை உடைக்கிறது. தசைக்குள் இருக்க வேண்டியது இரத்தத்தில் கலக்கிறது. அப்படிக் கலப்பதில் ஒன்றுதான் சீ.கே. என்ற நொதியம்.

விஷமே இல்லாமல், நம்முடைய சொந்த எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்குகிற நோய் ஒன்று உண்டு. பெயர் டெர்மற்றோமயோசைற்றிஸ். அரிதான நோய், ஒட்டாது, பெண்களுக்கே கூடுதலாக வரும். கண் இமை ஊதா நிறமாகும், விரல் மொளிகளில் தடிப்பு வரும், வெயில் படுகிற கழுத்தும் நெஞ்சும் கறுக்கும். நம்ம நிறத்துக்கு அது சிவப்பாகத் தெரியாது. அதனால் "புல்லுக்கு மருந்தடிச்ச ஒவ்வாமை" என்று விட்டுவிடுகிறோம். பிறகு குந்தினால் எழும்ப ஏலாது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டக் கை உயராது.

இரத்தம் எடுத்தால் முதலில் வருவது பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரிப்போர்ட். இரண்டும் கூடியிருந்தால் "ஈரல் பழுது" என்று முடிவுகட்டி, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துவார்கள். ஆம்பிளையாக இருந்தால் "குடியாலே வந்தது" என்று ஒரு ஏச்சும் சேர்ந்து கிடைக்கும்! ஆனால் அந்த இரண்டு நொதியமும் தசையிலும் இருக்கின்றன. கை கால் சோர்ந்த ஆளுக்கு இவை கூடியிருந்தால், "டொக்டர், சீ.கே. பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். சாதாரணமாக 200 அளவுக்குள் இருப்பது, இந்த நோயில் ஆயிரக்கணக்கில் ஏறலாம். எலிக்காய்ச்சலிலும், கொழுப்புக் குறைக்கிற ஸ்டாற்றின் குளிசையாலும், பாரம் தூக்கின மறுநாளும்கூட அது ஏறும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். சீ.கே. சரியாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. 2005இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு பிறபொருளெதிரியைக் கண்டார்கள்; இப்போது எம்.டி.ஏ.5 எதிரி என்கிறார்கள். இது உள்ளவர்களுக்குத் தசை அவ்வளவாகக் கெடாது, சீ.கே.யும் ஏறாமல் இருக்கலாம். ஆனால் விரலிலும் உள்ளங்கையிலும் புண் வந்து, சில வாரங்களிலேயே நுரையீரல் கெட்டுப்போகலாம். இப்படித் தோல் மாற்றத்தோடு இருமலும் மூச்சிளைப்பும் சேர்ந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காதீர்கள், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். ரிஃப்1 காமா என்று இன்னொரு எதிரி இருக்கிறது. நாற்பது தாண்டினவருக்கு அது கிடைத்தால், உடம்பில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று டொக்டர் தேடுவார். கூடுதல் ஸ்கேன் எழுதினால் ஏன் என்று கோபிக்க வேண்டாம்.

இந்தப் பிறபொருளெதிரிப் பரிசோதனையை எல்லா ஆய்வுகூடத்திலும் செய்யமாட்டார்கள். எங்கே அனுப்புவது என்று கிளினிக்கில் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். கையில் பலம் வருகிறதா, சீ.கே. இறங்குகிறதா என்று பார்த்துத்தான் பிரட்னிசலோன் குளிசையைக் குறைப்பார்கள். சுகமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது.