ஆடிய பலகையும் அளந்த தராசும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் சதுரங்க மேசையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எம்.ரெட்டியபட்டி அன்பர்கள் கேட்கக்கூடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் பூமியில் ஆட்டத்துக்கு மேசை தேவைப்பட்டதில்லை. திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்தால் போதும். மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் களம் அமைந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் புலியாக இருந்த கல் மீண்டும் கல்லே. அங்கே காக்கவும் ஒன்றுமில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை.

மேசையாக உருப்பெற்ற ஆட்டக்களத்தின் கதை வேறு. 1944-இல் நியூயார்க்கின் ஜூலியன் லெவி கலைக்கூடம் சதுரங்கத்தையே பொருளாகக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்கெனச் சிற்பி இசாமு நொகுச்சி ஒரு மேசை செய்தளித்தார். மேற்பலகையைத் திருப்பினால் உள்ளே காய்களை இட்டுவைக்கக் குழிகள் தென்படும். அம்மரபில் மரத்திலும் பித்தளையிலும் உருவான சதுரங்க மேசைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். பித்தளையில் அவர்களுட் பலர் விரும்புவது பளபளப்பை அன்று. காலம் படிந்த கருமையையே. நம் இல்லங்களில் புளியிட்டுத் துலக்கிப் போக்கும் அக்கறையே அங்கே வயதுக்குச் சான்று.

நம் நாட்டிலேயே இதற்கொரு பாடம் உண்டு. சண்டிகர் நகரம் எழுந்தபோது, லெ கார்புசியரின் உறவினரான பியர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அங்கே பணியாற்றினார். அலுவலகங்களுக்கென அவர் வழிகாட்டலில் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளும் மேசைகளும் உருவாயின. பின்னாளில் அவை உடைந்த தட்டுமுட்டுச் சாமான்களாகக் கழிக்கப்பட்டு, சொற்ப விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர் அவற்றைச் செப்பனிட்டு இலட்சக்கணக்கில் விற்றனர். நாற்காலியின் முதுகில் அலுவலகம் எழுதிய இருப்பு எண்ணே விலையை உயர்த்தும் முத்திரையாயிற்று! 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டது. ஆயினும் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்தவற்றையே பழம்பொருளாகக் கொள்கிறது. பயன்பாட்டுக்குப் பழையது, பாதுகாப்புக்குப் புதியது என்னும் இடைவெளியில்தான் அண்மைக்காலத்துப் பொருள்கள் அழிகின்றன.

நம் வீட்டுப் பித்தளைப் பல்லாங்குழியும் அந்த இடைவெளியில் விழுந்ததே. பதினான்கு குழிகள் கொண்ட அப்பலகை, எவர்சில்வர் மோகத்தில் பாத்திரக்கடைத் தராசில் ஏறியது. தராசு உலோகத்தை அளந்தது. அதில் சோழி ஆடிய விரல்களை அளக்கவில்லை. தப்பியவை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் காட்சிப்பொருளாயின.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதையே. சிற்றிதழும், கூட்ட அழைப்பிதழும், கையெழுத்துப் பிரதியும் அதே இடைவெளியில் இருப்பவை. ஓலைச்சுவடிக்குள்ள மதிப்பு அவற்றுக்கு இன்னும் வரவில்லை. பழைய பேப்பர்க் கடையின் தராசோ எப்போதும் காத்திருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூல்களோடு இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. 1994-இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. அயலார் மதித்த பின்னரே நாம் மதித்தோம் என்பது பெருமைக்குரியதன்று. அத்தொகுப்பு தமிழ் மண்ணிலேயே தங்கியது என்பதே ஆறுதல்.

பத்தாண்டு என்பது சட்டத்தின் கணக்கில் பழமையாகாது. ஆனால் நூறாண்டைக் காண வேண்டிய தாள், பத்தாம் ஆண்டைக் கடந்தாக வேண்டும். இவ்வட்டத்தின் முதல் ஆண்டுத் தாள்கள் எந்த வீட்டுப் பரணில் உள்ளன என்று இன்று மாலையே தேடத் தொடங்குவது, இவ்விழாவுக்குச் செய்யும் சிறப்பாகும்.