ஊடும் உரிமை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அமைப்பாளர் கேட்டபோது, "தோற்கும் அணியும் அதன் சுவைஞர்களும்" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, நம்முடையது இலக்கிய வட்டம் அல்லவா?" என்றார். இலக்கியத்தைத்தான் பேசப் போகிறேன், சேப்பாக்கம் வழியாகச் சற்றுச் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதே வேண்டுகோளை உங்களிடமும் வைக்கிறேன்.

2025 ஏப்ரல் 11 ஆம் நாள் இரவு. திருவரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் அக்காள் மகன் மஞ்சள் சட்டை அணிந்து தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் தன் சொந்த மண்ணில் கொல்கத்தா அணியோடு மோதியது. இருபது ஓவர்களில் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து சென்னை எடுத்தவை 103 ஓட்டங்கள். சேப்பாக்கத்தில் அவ்வணி எடுத்த மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். எதிரணிக்கு அதைக் கடக்கப் பத்து ஓவரும் ஒரு பந்தும் போதுமானவையாக இருந்தன. அத்தோடு ஐந்து ஆட்டங்களில் தொடர் தோல்வி; அணியின் வரலாற்றிலேயே அதற்குமுன் நிகழாதது. பையன் எழுந்தான். சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் எறிந்தான். "இனிமே இவங்க ஆட்டத்தைப் பாக்கவே மாட்டேன் சித்தி" என்றான். குரல் உடைந்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை அடுத்த ஆட்டம். பரணுக்கு ஏணி வைக்கப்பட்டிருந்தது. சட்டை கசங்கியிருந்தது, பையன் அதனுள் இருந்தான்.

அன்றுதான் எனக்கு இந்தச் சிந்தனை தோன்றியது. இவன் கொண்ட சினத்திற்குத் தமிழில் என்ன பெயர்? வெறுப்பு அன்று, வெறுத்தவன் ஏணி தேட மாட்டான். பகையும் அன்று. அகப்பொருள் பயின்றவர்களுக்கு அதன் பெயர் உடனே விளங்கும். அதுதான் ஊடல்.

ஊடலுக்கு முதல் இலக்கணம் உரிமை. உரிமையில்லாதவர் மீது நாம் சினக்கலாம், ஊட முடியாது. வழியிற் போகும் அயலானுக்காகத் தலைவி கதவடைப்பதில்லை. இதை விளக்க நான் ஏடுகளைத் தேட வேண்டியதில்லை. பங்குனி மாதத்தில் நம் ஊரிலேயே காணலாம். நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். பங்குனி உத்திரத்தன்று அரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துக்கொள்கிறார். பிரணய கலகம் என்றும் மட்டையடி என்றும் நாம் வழங்கும் அந்த நிகழ்ச்சியில் இரு தரப்பு வாதமும் நடக்கிறது, நம்மாழ்வார் இடைநின்று அமைதி செய்கிறார், அதன்பின் சேர்த்தி. உலகளந்தவனாகவே இருந்தாலும் வீட்டிற்கு வந்தால் விடை சொல்லியாக வேண்டும் என்பது அதன் பொருள். வீட்டுக்காரிக்குத்தான் அந்த உரிமை. கூடியிருந்து பார்க்கும் மக்கள் யாரும் அக்கதவடைப்பை அன்பின்மை என்று கொள்வதில்லை.

தொழில்முறை விளையாட்டில் சுவைஞனின் உரிமை விந்தையானது. அணி முதலாளிக்குச் சொந்தம். ஆட்டக்காரர் ஏலத்தில் எடுக்கப்பட்டவர். சென்ற ஆண்டு வேறோர் ஊருக்கு ஆடியவர், அடுத்த ஆண்டு எவ்வூருக்கு ஆடுவாரோ அவரே அறியார். பெரும்பாலோர்க்குத் தமிழும் தெரியாது. சுவைஞனுக்கு அதில் உரியது ஒன்றுதான்: அணியின் பெயரில் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவன் அழுகிறான், சிரிக்கிறான், கதவடைக்கிறான். பொருளியல் நோக்கில் இது பேதைமை. ஆனால் பத்திரத்தில் எழுதப்படாத உரிமைகளே நம் வாழ்வில் மிகுதி என்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. நம் தமிழர் பல்லாயிரவர் வாழும் கனடாவின் டொராண்டோ நகரில், பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஹாக்கிக்கு மேப்பிள் லீஃப்ஸ் என்றோர் அணி உண்டு. 1967 இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதை வெல்லவில்லை. 2025 மே மாதம் சொந்தத் தளத்தில் இறுதிக்கு முந்தைய கட்டங்களிலேயே புளோரிடா அணியிடம் தோற்று வெளியேறியபோது, சிலர் தாம் அணிந்திருந்த அணிச்சட்டையைக் கழற்றிப் பனித்தளத்தின் மீது எறிந்தனர். செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பரண்தான் என் கண்முன் வந்தது.

சரி, சுவைஞன் எதற்காக ஊடுகிறான்? தோல்விக்காக என்று பொதுவாகச் சொல்வோம். நான் அப்படிக் கருதவில்லை. இரண்டு ஆட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒன்று, 1999 சனவரி 31 ஆம் நாள் சேப்பாக்கத்தில் முடிந்த டெஸ்ட் ஆட்டம். அப்போது நான் கல்லூரி மாணவி. பொன்மலைத் தொழிற்கூடத்தில் பணியாற்றிய என் தந்தையோடு தொலைக்காட்சியில் பார்த்தேன். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா எடுக்கவேண்டியவை 271. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 எடுத்தார். அவர் வீழ்ந்தபோது எண்ணிக்கை 254. அடுத்த நான்கு ஓட்டங்களுக்குள் எஞ்சிய மூவரும் வீழ்ந்தனர். 12 ஓட்டங்களில் தோல்வி. என் தந்தை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது சேப்பாக்கத்து மக்கள் செய்ததை உலகம் இன்றும் பேசுகிறது. எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள். துண்டை விலக்கிப் பார்த்த என் தந்தையும் கைதட்டினார்.

மற்றொன்று, 2025 ஏப்ரல் 5 ஆம் நாள் அதே சேப்பாக்கத்தில் டெல்லியோடு நடந்த ஆட்டம். சென்னை எட்டவேண்டிய இலக்கு 184. இருபது ஓவரும் ஆடி முடித்தபோது 158; தோல்வி 25 ஓட்டங்களில். வீழ்ந்த விக்கெட்டுகளோ ஐந்தே. நான்கு பேர் ஆடாமலே அமர்ந்திருக்க, இலக்கை நோக்கி ஓடாமலே தோற்றார்கள். அன்று மக்கள் கொண்ட சினம் மற்றத் தோல்விகளுக்குக் கொண்டதினும் பெரிது.

ஒரே ஊர், ஒரே மைதானம். முன்னதில் தோல்விக்குக் கைதட்டல். பின்னதில் தோல்விக்குச் சினம். ஆகவே மக்கள் அளந்தது தோல்வியை அன்று, முயற்சியை. வெற்றியைக் கேட்கவில்லை, நாணத்தைக் கேட்டார்கள்.

இவ்வளவுகோல் நமக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் கரிகாற் சோழன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற் புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66 ஆம் பாட்டில் கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, உன்னிலும் அவன் நல்லவன் அல்லனோ என்ற பொருள்படப் பாடினார். சோழநாட்டு வெண்ணியைச் சார்ந்த, குயவர் குடிப் பெண் என்று பெயராலேயே உணரப்படுபவர் அவர். நம் சோழர் குலத்து வெற்றி வேந்தனின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடிந்தது. தன்னவர் வெற்றி கண்டு மயங்காமலும், மாற்றான் தோல்வி கண்டு இகழாமலும், எவன் நாணுடையவன் என்று மட்டும் பார்த்த அந்தக் கண்ணைத்தான் 1999 இல் சேப்பாக்கம் பெற்றிருந்தது.

ஆனால் ஊடலுக்கு இரண்டாம் இலக்கணம் ஒன்றுண்டு. அது அளவு. வள்ளுவர் ஊடலை உணவில் அமையும் உப்போடு ஒப்பிட்டார். குறைந்தாலும் சுவையில்லை, மிகுந்தாலும் உண்ண முடியாது. புலவி முற்றினால் துனி என்பர் உரைகாரர்.

துனியும் நம் நாடு கண்டதே. 1996 மார்ச் 13 அன்று கொல்கத்தாவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், இலங்கையை எதிர்த்து இந்தியா 120 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, பார்வையாளர் பாட்டில்களை எறிந்தனர், இருக்கைப் பகுதிகளில் தீ வைத்தனர். நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கே வழங்கினார். 2020 அக்டோபரில் சென்னை அணி தடுமாறியபோது, அணித்தலைவர் தோனியின் ஐந்து வயது மகளுக்கு இணையத்தில் எழுதப்பட்ட மிரட்டல்கள் அதனினும் இழிந்தவை. அவ்வணி அந்த ஆண்டு எட்டில் ஏழாம் இடம் பெற்றது. மறு ஆண்டே கோப்பையை வென்றது. மிரட்டியவர்களும் அப்போது மகிழ்ந்திருப்பார்களோ என்னவோ. அந்த மகிழ்ச்சிக்கு அவர்களுக்கு உரிமை இருந்ததா என்று மட்டும் கேட்கிறேன்.

அளவு தப்பிய அன்பு இன்னொரு வடிவிலும் வரும். தோனி மட்டை பிடிக்க வர வேண்டும் என்பதற்காகத் தம் அணி வீரர் ஆட்டமிழக்கும்போதே ஆரவாரம் செய்யும் வழக்கம் சேப்பாக்கத்தில் தோன்றியது. தாம் ஆட்டமிழப்பதற்காக மக்கள் காத்திருக்கிறார்கள் என்று 2023 இல் ரவீந்திர ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒருவரைப் போற்றுவதற்காக அவர் நிற்கும் அவையையே தாழ்த்துவது அன்பின் திரிபு.

2025 இல் சென்னை அணி பதினான்கு ஆட்டங்களில் நான்கே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம் பெற்றது. அவ்வளவு சினத்திற்கு நடுவிலும் என் அக்காள் மகன் கடைசி ஆட்டம் வரை பார்த்தான். அவன் அணிக்கு அப்படி ஒருவனாவது இருந்தான். இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திருச்சிராப்பள்ளியின் பெயரிலும் ஓர் அணி உண்டு. 2021 இல் இறுதி ஆட்டம் வரை சென்று சேப்பாக்கம் அணியிடம் எட்டு ஓட்டங்களில் கோப்பையை இழந்தது. 2023 இல் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றது. ஏழும் தோல்வி! நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அணி. இந்த அவையில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே அந்தப் பையன் சொல்லித்தான் தெரியும். அந்த ஆண்டில் சத்திரம் பேருந்து நிலையத்திலோ, சித்திரை வீதித் தேநீர்க் கடையிலோ, என் வகுப்பறையிலோ அதற்காக ஒருவர் சினந்து பேசி நான் கேட்கவில்லை. ஆட்டங்கள் கோவையிலும் திண்டுக்கல்லிலும் சேலத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன. தன் ஊரார் முகம் காணாமலே தோற்றார்கள். எந்த வீட்டிலும் சட்டை பரணுக்குப் போகவில்லை. போவதற்குச் சட்டையே இல்லை. சென்னை அணியின் பத்துத் தோல்விகளையும் விட இந்த ஏழுமே எனக்குத் துயரமாகப் படுகின்றன. கேட்பாரற்ற தோல்விதான் முழுத் தோல்வி.

அன்பர்களே, இவ்விடத்தில்தான் நான் நம் வட்டத்திற்குள் நுழைகிறேன்.

பத்தாண்டுகளுக்குமுன், இந்த வட்டத்தின் தொடக்க நாள்களில், நான் ஒரு கவிதை படித்தேன். பலர் கைதட்டினர். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் எழுந்து, "இதில் உழைப்பு இல்லை. நீங்கள் இதைவிட நன்றாக எழுதக்கூடியவர்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். காவிரிப் பாலத்தைப் பேருந்து கடக்கும் வரை எனக்குக் கண்ணீர் அடங்கவில்லை. முனைவர் பட்டம் பெற்றவள் என்னும் செருக்கும் சேர்ந்து அழுதது. பாலம் கடந்தபின்தான் அந்தத் தொடரின் பிற்பகுதி காதில் விழுந்தது. நான் நன்றாக எழுதக்கூடியவள் என்று அவர் நம்பியிருக்கிறார், நம்பியதனாலேயே ஊடியிருக்கிறார். அக்கவிதையை ஏழு முறை திருத்தினேன். இன்று அவர் நம்மோடு இல்லை.

அண்மை ஆண்டுகளில் நம் கூட்டங்களில் எல்லாக் கவிதைகளுக்கும் ஒரே அளவான கைதட்டல் எழுகிறது. நூல்வெளியீடுகளில் எல்லா நூலும் சிறந்த நூல். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், மறைக்கவில்லை. யார் மனத்தையும் நோகச் செய்ய வேண்டாம் என்னும் நற்பண்பு அது என்று நினைத்தேன். இப்போது எனக்கு ஐயம் எழுகிறது. உப்பில்லாமல் பத்தாண்டு சமைத்தால், உண்பவர் நாகரிகமாக எழுந்து போய்விடுவார்கள். அந்த ஏழு ஆட்டங்களைப் போல நம் நூல்களும் ஒருவர் சினமும் பெறாமல் அலமாரிக்குள் தோற்றுவிடக் கூடாது.

கொல்கத்தாவின் தீ நமக்கு வேண்டாம். கவிஞரை விட்டுக் கவிஞரின் வீட்டாரைச் சாடும் கீழ்மையும் வேண்டாம். ஒருவரைப் புகழ மற்றொருவர் வீழ்ச்சிக்குக் கைதட்டுவதும் வேண்டாம். முயன்று தோற்ற கவிதைக்கு எழுந்து நின்று கைதட்டுவோம். முயலாமல் வென்ற கவிதையிடம், "நீ இதைவிட நன்றாக வரக்கூடியவள்" என்று சொல்லிக் கதவைச் சற்றே சாத்துவோம். தாழ் மட்டும் போட வேண்டாம்.

திருக்குறள் முப்பாலும் கடந்து வந்து நிறைவுறும் அதிகாரம் ஊடலுவகை. அந்த உவகை இந்த வட்டத்தின் பதினோராம் ஆண்டிற்கு வாய்க்கட்டும். இந்த உரையிலிருந்தே தொடங்கலாம். குறையிருந்தால் சொல்லுங்கள், பாலம் கடக்கும் வரை வருந்துவேன், பிறகு திருத்துவேன்.